பெட்ரோலை மேலேற்றிய கைப்பம்ப்

ராயல் என்ஃபீல்ட் நிறுவனம் 2024 நவம்பரில் ‘ஃப்ளையிங் ஃப்ளீ’ என்ற தன் பழைய போர்க்கால வண்டியின் பெயரை மின்சார மோட்டார் சைக்கிளுக்குச் சூட்டியதைப் படித்த வாசகர் ஒருவர், அக்காலத்தில் பாராசூட்டில் இறக்கிய வண்டிகள் எப்படி வேலை செய்தன என்று கேட்டிருந்தார். 125 சிசி இன்ஜின் கொண்ட ஃப்ளையிங் ஃப்ளீயை இரும்புக் கூண்டில் பொருத்தி இறக்கினார்கள். அதைவிடச் சிறியதும், என் பார்வையில் அதைவிடச் சுவையானதும் வெல்பைக்.

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் வெல்வின் ஊருக்கு அருகிலிருந்த ரகசிய ஆய்வுக்கூடத்தில் உருவான இந்த வண்டியை, பர்மிங்காமின் எக்செல்சியர் நிறுவனம் 3,600-க்கும் அதிகமாகத் தயாரித்தது. சுமார் 130 செ.மீ. நீளமும் 38 செ.மீ. உயரமும் 30 செ.மீ. அகலமும் உள்ள பாராசூட் பெட்டிக்குள் அது அடங்கியாக வேண்டும். எனவே ஹேண்டில்பார் மடங்கும், இருக்கை கீழிறங்கும். 98 சிசி வில்லியர்ஸ் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், ஒரே கியர், பின்சக்கரத்தில் மட்டும் பிரேக். சஸ்பென்ஷனும் விளக்கும் கிடையாது. எடை ஏறத்தாழ 32 கிலோ.

கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) கொண்ட வழக்கமான மோட்டார் சைக்கிளில் டாங்க் மேலே இருப்பதால் பெட்ரோல் தன் எடையாலேயே அதற்குள் இறங்கிவிடும். வெல்பைக்கில் அந்த உயரத்துக்கு இடமில்லை. டாங்க் தாழ்வாக அமைந்ததால் பெட்ரோல் மேல்நோக்கி ஏற வேண்டியிருந்தது. அதற்காகவே ஒரு கைப்பம்ப். நம் வீடுகளில் முன்பு இருந்த பம்ப் ஸ்டவ்வைப் போலவே, வீரர் பம்ப் அடித்து டாங்க்குக்குள் காற்றை அடைப்பார். அந்தக் காற்று பெட்ரோலின் மேற்பரப்பை அழுத்தி, அதைக் குழாய் வழியே மேலேற்றும். இதற்குப் பெரிய அழுத்தம் தேவையில்லை என்பதுதான் இதன் அழகு. 30 செ.மீ. உயர்த்த வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பெட்ரோலின் அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்க ஏறத்தாழ 2,200 பாஸ்கல் வரும்; இது வளிமண்டல அழுத்தத்தில் வெறும் 2 சதவீதம்.

ஆனால் மூடிய டாங்க்கில் பெட்ரோல் குறையக் குறையக் காற்றுக்கு இடம் கூடி, பாயில் விதிப்படி அழுத்தம் சரியும். நிரம்பிய டாங்க்கில் காற்றின் பங்கு மிகச் சிறியது என்பதால் சிறிது பெட்ரோல் செலவானாலே அழுத்தம் சட்டென்று இறங்கும். பாதி காலியான பிறகு அதே செலவுக்குச் சரிவு வெகு குறைவு. பள்ளிகளில் பாயில் விதியை நடத்தும்போது சிரிஞ்சோடு நிறுத்தாமல் இந்த டாங்க்கையும் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சிறிய சக்கரங்களாலும் வலுக்குறைந்த இன்ஜினாலும் கரடுமுரடான போர்க்களத்தில் வெல்பைக் திணறியது. பல வண்டிகள் விமானத் தளங்களுக்குள் சென்றுவரவே பயன்பட்டன. போருக்குப் பின் இதே அமைப்பிலிருந்து பிராக்ஹவுஸ் நிறுவனத்தின் கோர்கி என்ற வண்டி பிறந்து, பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது.