பழைய படத்தை லேமினேஷன் செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்

செய்தித்தாளில் சுற்றித் துணிப்பையில் வைத்து, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்திருந்தார் அந்த அம்மா. அவருடைய தாத்தா பாட்டியின் கல்யாணப் படம். 1930களில் ஏதோ ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. பிரித்துப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. படம் முழுக்க லேமினேஷனுக்குள் இருந்தது. பாட்டியின் கன்னத்தின் மேல் ஒரு காற்றுக் குமிழ். தாத்தாவின் தலைப்பாகை ஓரமெல்லாம் மஞ்சள்.

"பத்திரமா இருக்கட்டும்னுதான் சார் போட்டோம். ஆனா வரவர மங்கிட்டே போகுது. வயசாச்சுல்ல, மங்கத்தானே செய்யும்?"

இருபத்தைந்து வருடமாகப் பழைய படங்களைச் சீர்செய்யும் வேலையில் இருக்கிறேன். லேமினேஷன் போட்ட படங்கள் மட்டும் இந்த வருடம் எத்தனை வந்துவிட்டன! ரேஷன் கார்டுக்குப் போடும் அதே சூட்டில், அதே பிளாஸ்டிக்கை, வீட்டில் இருக்கும் ஒரே கல்யாணப் படத்தின் மேல் ஒட்டிவிடுகிறார்கள். பிரிக்கப் போனால் எமல்ஷனும், அதாவது படம் பதிந்திருக்கும் மேல்படலமும், சேர்ந்து உரிந்து வரும். பிரிக்காமல் விட்டால் உள்ளே மாட்டிக்கொண்ட ஈரமும் மிச்ச ரசாயனமும் தங்கள் வேலையைத் தொடரும். இதைவிட என்னை அதிகம் வருத்துவது அந்த அம்மா சொன்ன கடைசி வாக்கியம். வயசானால் படம் மங்கும் என்ற நம்பிக்கை. இந்த நம்பிக்கை இருப்பதால்தான் யாரும் எதையும் கவனிப்பதில்லை. மங்குவது விதி என்று நினைத்துக்கொண்டு, மங்க வைக்கும் காரியங்களையே செய்கிறோம்.

அது விதி இல்லை என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பிரிட்டனின் ஆரம்பகாலப் புகைப்படக்காரர்கள். அவர்களுடைய படங்களின் கதையைத் தெரிந்துகொண்டால் உங்கள் வீட்டுச் சுவரை நீங்கள் பார்க்கும் விதம் மாறும்.

வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1835 ஆகஸ்டில், வில்ட்ஷயரில் உள்ள தன் லேக்காக் அபி வீட்டின் கம்பிக் கட்டச் சன்னலைக் காகிதத்தில் பதிவுசெய்தார். ஏறக்குறைய ஒரு தபால்தலை அளவுதான். இன்று கிடைக்கும் நெகட்டிவ்களிலேயே பழையது அது. எடுத்த புதிதில் சுமார் இருநூறு கண்ணாடிச் சதுரங்களையும் உருப்பெருக்கியால் எண்ண முடிந்தது என்று குறித்து வைத்தார். ஒரு நெகட்டிவ்விலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற யோசனையே அவருடையதுதான். ஃபிலிம் காலம் முடியும்வரை நம் தெருக்கோடி ஸ்டூடியோ வரைக்கும் தொழில் அந்த யோசனையில்தான் ஓடியது.

அதே டால்பட் 1844 முதல் 1846 வரை, கையால் ஒட்டிய 24 படங்களுடன் 'தி பென்சில் ஆஃப் நேச்சர்' என்ற நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். இங்கேதான் கவனிக்க வேண்டும். அந்த நூலின் பிரதிகள் இன்று பல நூலகங்களில் இருக்கின்றன. ஒரு பிரதியில் ஒரு படம் நல்ல பழுப்பு நிறத்தில் திடமாக இருக்கும். இன்னொரு பிரதியில் அதே படம் வெளிறி, யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். ஒரே நெகட்டிவ், ஒரே நூல், ஏறக்குறைய ஒரே வயது. வயதுதான் காரணம் என்றால் இரண்டும் ஒன்றாகத்தானே மங்கியிருக்க வேண்டும்? கழுவியது சரியாக இருந்ததா, எந்த அறையில் இருந்தது, எவ்வளவு வெளிச்சம் பட்டது, எவ்வளவு ஈரம் ஏறியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்வது இல்லை இது. லண்டனில் 1853இல் புகைப்படச் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் கௌரவச் செயலாளராக இருந்தவர் ரோஜர் ஃபென்டன். மது வியாபாரி ஒருவரின் வண்டியை வாங்கி, அதைப் படம் கழுவும் டார்க்ரூமாக மாற்றி, 1855இல் கிரிமியப் போர்க்களத்துக்குக் கொண்டுபோனவர். அந்தப் போரிலிருந்து முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படங்களோடு திரும்பினார். அதே ஆண்டு அந்தச் சங்கம், படங்கள் ஏன் மங்குகின்றன என்று விசாரிக்க ஒரு குழுவையே அமைத்தது. விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் 50 பவுண்டு கொடுத்தார். குழு அந்த ஆண்டே அறிக்கை தந்தது. முதல் காரணம், படத்தை நிலைக்கவைக்கப் பயன்படுத்தும் ஹைப்போ என்ற உப்பு முழுதாகப் போகும்வரை படத்தைக் கழுவாதது. அப்புறம் ஈரம். அப்புறம் லண்டன் காற்றில் இருந்த கந்தகப் புகை. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டுப் பதினேழு வருடம்கூட முழுதாக ஆகவில்லை, அதற்குள் காரணத்தைப் பிடித்துவிட்டார்கள்.

ஹைப்போ என்ன செய்யும் என்று இங்கே நான் விரிவாக விளக்கப் போவதில்லை. டார்க்ரூமில் நின்றவர்களுக்குத் தெரியும். அந்த உப்பு வெள்ளிச் சேர்மங்களைக் கரைக்கும் என்று 1819இலேயே கண்டவர் ஜான் ஹெர்ஷல் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வானியல் அறிஞர். நெகட்டிவ், பாசிட்டிவ் என்று நாம் சொல்லும் சொற்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

ஹெர்ஷலின் இன்னொரு பிள்ளை உங்கள் பீரோவிலேயே இருக்கலாம். 1842இல் அவர் கண்டுபிடித்த, வெள்ளியே சேராத நீலப்படம். பழைய வீட்டு வரைபடத்தை ப்ளூபிரிண்ட் என்கிறோமே, அதுவேதான். அந்த முறையில் அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி 1843 முதல் பத்து வருடம் பிரிட்டனின் கடற்பாசிகளைப் பதிவுசெய்து நூலாக்கினார். கேமரா இல்லை. பாசியைக் காகிதத்தின் மேல் வைத்து வெயிலில் காட்டினார். புகைப்படங்களால் ஆன முதல் நூல் என்று அதைத்தான் சொல்கிறோம். அந்த நீலம் இன்றும் கண்ணைப் பறிக்கிறது. நீலப்படத்துக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. வெளிச்சத்தில் வெளிறினால், இருட்டில் வைத்தால் ஓரளவு திரும்பி வரும். ஆனால் காரம் ஆகவே ஆகாது. சோப்பு நீர் பட்டாலோ சுண்ணாம்புச் சுவரில் ஒட்டிக் கிடந்தாலோ நீலம் போய்விடும். தாத்தா கட்டிய வீட்டின் ப்ளூபிரிண்ட்டைச் சோப்பு போட்டுத் துடைத்து எடுத்துவந்த ஒரு குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். மஞ்சள் காகிதம்தான் மிஞ்சியது.

ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சரை இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் கும்பிட வேண்டும். 1851இல் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுக்கும் முறையை வெளியிட்டார். காப்புரிமை வாங்கவில்லை, எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். 1857இல் வறுமையில் இறந்தார். அவர் முறையில்தான் ஃபென்டன் போர்க்களத்தில் படமெடுத்தார்.

நம் ஊருக்கு வருகிறேன். மதராஸ் ராணுவத்தில் கேப்டனாக இருந்த லின்னேயஸ் டிரைப், மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக 1858இல் மதுரை, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். நம் வெயிலில் கொலோடியன் சட்டென்று காய்ந்துவிடும். அவர் மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ்களைப் பயன்படுத்தினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பீடத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 தாள்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். சீர்செய்யப்படுவதற்கு முன் திருமலை நாயக்கர் மகால் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் அவர் படங்களைத்தான் தேட வேண்டும். அவை இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. 1858இல் நம் மண்ணில் பிறந்த படம் நூற்றறுபது வருடம் தாண்டி எழுத்து எழுத்தாகத் தெரிகிறது. 1938இல் எடுத்த உங்கள் பாட்டி படம் ஏன் தெரியவில்லை?

ஜூலியா மார்கரெட் கேமரூனைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வராது. கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராவை வைத்துக்கொண்டு, இங்கிலாந்தின் வைட் தீவில் கோழிகள் அடைந்திருந்த கொட்டகையையே ஸ்டூடியோவாக்கிப் படமெடுக்கத் தொடங்கினார். டென்னிசன், டார்வின், ஹெர்ஷல் என்று அந்தக் காலத்து முகங்களை நமக்கு விட்டுப்போனவர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, தேயிலை மலைகளில் 1879இல் இறந்து, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமானார். அவர் படங்களில் ஃபோகஸ் மென்மையாக இருக்கும், விரல் ரேகை இருக்கும், கீறல் இருக்கும். அன்றைய விமர்சகர்கள் திட்டினார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. தன் படங்கள் நிலைக்க வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். நெகட்டிவ்களின் மேல்பூச்சு வெடிக்கத் தொடங்கியதும், முக்கியமான படங்களை வெள்ளி இல்லாத கார்பன் முறையில் அச்சிட ஏற்பாடு செய்தார். ஜோசப் ஸ்வான் 1864இல் மேம்படுத்திய முறை அது. கரித்தூள் மங்காது.

இதை எழுதும்போது இன்னொரு கோபமும் வருகிறது. ஏதோ ஒரு ஆப்பில் போட்டு, "பாட்டி முகம் தெளிவா வந்துடுச்சு, இனி ஒரிஜினல் எதுக்கு" என்று படத்தைக் கிழித்துப் போட்டவர்கள் உண்டு. ஆப் கொடுத்தது யாரோ ஒரு பெண்ணின் முகம். பாட்டியின் மூக்குத்தி இருந்த பக்கமே மாறியிருந்தது. கீறலோடு இருந்தாலும் அசல்தான் பாட்டி.

கலர் படங்களில் மட்டும் வயது கொஞ்சம் பேசும், ஒப்புக்கொள்கிறேன். எழுபது எண்பதுகளின் கலர் பிரிண்ட்கள் இருட்டில் வைத்தாலும் சிவந்துபோகும். அது சாயத்தின் பலவீனம். லண்டனில் மேடம் யெவோண்ட் 1930களில் எடுத்த கலர் உருவப்படங்கள் அந்தக் கதிக்கு ஆளாகவில்லை. அவர் பயன்படுத்திய விவெக்ஸ் முறையில் மூன்று தனி நெகட்டிவ்கள் எடுத்து, மூன்று நிறமி அச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவார்கள். 1939இல் போர் வந்ததும் அந்த நிறுவனம் மூடப்பட்டது. ஆகவே உங்கள் வீட்டில் எழுபது எண்பதுகளின் கலர் ஆல்பம் இருந்தால் அதைத்தான் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். கறுப்பு வெள்ளை காத்திருக்கும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. லேமினேஷன் கூடவே கூடாது. செல்லோடேப் கூடாது, பசை கூடாது, ஒட்டும் தாள் உள்ள ஆல்பம் கூடாது. ஈரத்துணியாலோ ஸ்பிரிட்டாலோ துடைக்காதீர்கள், மென்மையான தூரிகை போதும். பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் பெயர் எழுதாதீர்கள், மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். ஆனால் கட்டாயம் எழுதுங்கள். பெயர் தெரிந்த கடைசி ஆள் போனபின் என்னிடம் கொண்டுவந்தால் நான் என்ன செய்ய முடியும்?

சுவரில் மாட்டுவது பிரதியாக இருக்கட்டும். மாலை போடுங்கள், பொட்டு வையுங்கள், ஊதுபத்தி காட்டுங்கள், எல்லாம் பிரதிக்கு. அசல் பீரோவின் நடுத்தட்டில், அமிலம் இல்லாத காகித உறைக்குள் இருக்கட்டும். பரண் வேண்டாம், அங்கே சூடு. குளியலறையை ஒட்டிய சுவர் வேண்டாம், அங்கே ஈரம். பக்கத்தில் அந்துருண்டையும் வேண்டாம். பிரேம் போட்டே தீர வேண்டுமென்றால் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்வது அந்த இடைவெளி இல்லாததால்தான். ஒட்டிக்கொண்டால் தயவுசெய்து உரிக்காதீர்கள். கண்ணாடியோடு கொண்டுவாருங்கள். கண்ணாடி உடைந்திருந்தாலும் அப்படியே கொண்டுவாருங்கள். நெகட்டிவ் கவரை எந்த நிலையிலும் குப்பையில் போடாதீர்கள். டால்பட் கொடுத்த வரம் அது.

அந்த அம்மாவின் படத்தை பிளாஸ்டிக்கோடு சேர்த்தே ஸ்கேன் செய்தேன். முகங்கள் ஓரளவு வந்தன. கன்னத்துக் குமிழை ஒன்றும் செய்ய முடியவில்லை. இதே படம் வேறு யாரிடமாவது இருக்குமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, சித்தி வீட்டில் ஒன்று இருப்பதாகச் சொன்னார். பிரேம் போட்டது, கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கிறதாம். அப்போதே போன் போடச் சொன்னேன். யாரும் பிரிக்க வேண்டாம், துண்டில் சுற்றிப் படுக்கவைத்து எடுத்து வாருங்கள் என்று நானே சித்தியிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.