மன்னிப்பு: பொறுப்பதா, விடுவதா?

'மன்னிப்பு உருதுச் சொல், பொறுத்தல்தான் தமிழ்' என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உருதுவில் அதற்கு மாஃபி என்பார்கள். அது அரபி வழி வந்தது. நம் மன்னித்தலுக்கு நெருங்கிய உறவு தெலுங்கின் மன்னிஞ்சு, கன்னடத்தின் மன்னிசு. ஆகவே உருதுக் கதையை நான் ஏற்பதில்லை. பொறுத்தல் பழந்தமிழ்ச் சொல் என்பது மட்டும் சரி: 'பொறுத்தல் இறப்பினை என்றும்' என்கிறது குறள். கத்தோலிக்கரின் பழைய செபமும் 'எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்' என்றே கேட்கும்.

ஆனால் பொறை என்றால் சுமை. பொறுப்பவர் சுமையை இறக்குவதில்லை, தாங்குகிறார்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் அஃபெசிஸ். போக விடுதல் என்று பொருள். மத்தேயு 26:28இல் அது 'பாவமன்னிப்பு'. லூக்கா 4:18இல் அதே சொல்தான் சிறைப்பட்டவர்களுக்கு 'விடுதலை'. அங்கே ஒன்றாக இருந்த சொல் தமிழுக்கு வரும்போது இரண்டாகிவிட்டது.

'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்ற மத்தேயு 6:12, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத்தாருக்கு வெறும் உவமை அல்ல. நம் முன்னோர் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகக் கடன் தீர வேண்டும். இவ்வளவு கட்டினால் இந்த ஆளை விடலாம் என்று தோட்டத்தை நடத்திய துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் துண்டு என்று பெயர். புதுத் தோட்டத்தார் கட்டும் பணமும் அந்த ஆளின் கணக்கில்தான் ஏறும். தோட்டம் மாறும், கடன் மாறாது. 1921இல்தான் சட்டம் அந்த முறையை ஒழித்தது.

மனக்கசப்பும் அப்படித்தான் கூடவே வருகிறது. மத்தேயு 18இல் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியனை எஜமான் 'விடுதலைபண்ணி, கடனையும் அவனுக்கு மன்னித்துவிட்டான்'. வெளியே வந்தவன் நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன் ஊழியனின் தொண்டையைப் பிடிக்கிறான். கடைசியில் அகப்படுவதும் அவனே. பிடித்த கையை விடாதவனுக்குத் தானும் விடுதலை இல்லை.

என் மனதுக்கு அஃபெசிஸுக்கு ஒத்த தமிழ் விடுதல். விடுதலையும் அதில் பிறந்தது; முத்தி என்னும் பொருளில் நாம் சொல்லும் வீடும் அதில் பிறந்ததே. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் தண்ணீர்க் குழாயடிச் சண்டைக்குப் பிறகு, மாதக்கணக்கில் முகம் பாராதிருந்த ஒருத்தி பக்கத்துக் காம்பிரா (அறை) வாசலில் நின்று, 'போகட்டும், விடுங்கக்கா' என்கிறாளே, அந்த விடு.