அந்த 'சி' எழுத்தே கிடையாது

பியானோ சொல்லிக் கொடுக்கிறதுதான் என் பொழப்பு, புதுசா வர்றவங்ககிட்ட இசைக் குறிப்பு எழுதின ஷீட்டைக் காட்டி ஆரம்பத்துல 'சி' மாதிரி போட்டிருக்கே அது என்னன்னு கேட்டா முக்கால்வாசிப் பேரு "காமன் டைம், அதோட முதல் எழுத்து"ன்னு டக்குனு சொல்லிடுவாங்க. இல்லங்க. பழைய ஐரோப்பிய நொட்டேஷன்ல மூணு மூணா பிரியுற தாளத்துக்கு முழு வட்டம், ரெண்டு ரெண்டா பிரியுறதுக்கு ஒரு பக்கம் திறந்த வட்டம், அந்த உடைஞ்ச வட்டம்தான் இன்னிக்கு 4/4-க்கு நிக்குது, அதாவது ஒரு பாருக்கு (ஷீட்டுல ரெண்டு செங்குத்துக் கோட்டுக்கு நடுவுல இருக்கிற ஒரு சுத்துத் தாளம்) நாலு பீட்டு, அதுதான் காமன் டைம்.

சரி, இது தெரியலன்னா என்ன குடி முழுகிடப் போகுதுன்னு கேக்கலாம். அந்த 'சி'க்குக் குறுக்க ஒரு கோடு விழுந்தா அது 2/2, பாருக்கு ரெண்டே பீட்டு, அங்கதான் வம்பு. பீத்தோவன் 1801-ல எழுதுன மூன்லைட் சொனாட்டா முதல் பகுதி கோடு போட்ட சி. அதை யாரும் கவனிக்காம பாருக்கு நாலு பீட்டுன்னு மெட்ரோனோம் (டிக் டிக்னு தாளம் காட்டுற கருவி) வச்சு மூணு மூணு நோட்டா நசுக்கி நசுக்கி வாசிப்பாங்க, முதல் பார்ல இடது கை ஆக்டேவ் (ஒரே ஸ்வரத்தை மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு சேர்த்து அடிக்கிறது) பார் முழுக்க நிக்கணும், இவங்க ஊர்ந்து போற வேகத்துக்கு பாதியிலயே சத்தம் செத்துடும். ரெண்டா எண்ணிப் பாருங்க, அதே நோட்டு தானா நகரும்.

நிஜ 4/4-லயும் நாலு பீட்டும் ஒரே கனம் இல்ல. ஒண்ணு பலம், மூணு கொஞ்சம் பலம், ரெண்டும் நாலும் லேசு. மோட்சார்ட்டோட கே 545 (அவரோட படைப்புப் பட்டியல்ல உள்ள நம்பர்) சொனாட்டா (1788) முதல் பார்ல வலது கைக்கு மூணே நோட்டு, முதல்ல ரெண்டு பீட்டு நீளத்துக்கு ஒண்ணு, அப்புறம் ஒவ்வொரு பீட்டா ரெண்டு. அந்த மூணையும் ஒரே மாதிரி குத்துனா டைப் அடிக்கிற மாதிரி இருக்கும். ஆனா ஒண்ணைத் தூக்கி அடிக்கச் சொன்னதும் மத்தது காதுலயே விழாத மாதிரி அடிச்சிடுறாங்க, அதுவும் தப்பு.

இந்தப் பலம் மனசுல உக்காந்துச்சான்னு பாக்க நான் எல்லாருக்கும் குடுக்கிறது பீத்தோவனோட ஒன்பதாவது சிம்பொனியில வர்ற, எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த 'ஓட் டு ஜாய்' மெட்டுதான். கடைசி அடி ஒண்ணாவது பீட்டுல ஆரம்பிக்காது, முந்தின பாரோட நாலாவது பீட்டுலயே புகுந்து ரெண்டு பாருக்கும் நடுவுல இருக்கிற கோட்டைத் தாண்டி இழுத்துட்டு நிக்கும். ஆரம்பப் பாடப் புத்தகங்கள் பலதுல இதை நேராக்கி ஒண்ணுக்குத் தள்ளி வச்சிருப்பாங்க. ஒரிஜினலை வாசிக்கச் சொன்னா, பாதிப் பேரு புக்குல பிரிண்ட் மிஸ்டேக்குன்னு என்கிட்டயே சண்டைக்கு வர்றாங்க.