வி.பி.என்.: பெயரில் உள்ள 'தனி' எதைக் குறிக்கிறது?

விர்ச்சுவல், பிரைவேட், நெட்வொர்க் என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துகளே வி.பி.என். ரஷ்ய மொழியில் இதை 'விர்துவால்னயா சாஸ்த்னயா சேத்' என்று பெயர்த்திருக்கிறார்கள். பேச்சில் எல்லாரும் 'வே-பே-என்' என்றே சொல்கிறார்கள்.

மூன்றில் குழப்பம் தருவது நடுச்சொல். 'பிரைவேட்' லத்தீன் 'பிரிவாத்துஸ்' என்பதிலிருந்து வந்தது. பொதுவிலிருந்து பிரிந்து ஒருவருக்கே உரியதானது என்று பொருள். நிறுவனங்கள் தங்கள் கிளைகளை இணைக்கத் தொலைபேசி நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த தனிக் கம்பித்தடமே முதலில் தனி வலையாக இருந்தது. செலவு கட்டுப்படியாகாததால், பொது இணையத்துக்குள்ளேயே குறியாக்கம் செய்த ஒரு சுரங்கப்பாதையைப் போட்டார்கள். கம்பி தனியாக இல்லாமலே தனிக் கம்பியின் வேலை நடந்ததால் 'விர்ச்சுவல்' ஒட்டிக்கொண்டது. மைக்ரோசாஃப்டில் குர்தீப் சிங் பால் பங்களித்து 1996-இல் வெளிவந்த பி.பி.டி.பி. நெறிமுறை இதன் தொடக்ககாலப் படைப்புகளில் ஒன்று.

ஆக, இங்கே 'தனி' என்பது உடைமையைச் சொல்கிறது, ரகசியத்தை அல்ல. தமிழில் 'மெய்நிகர் தனியார் பிணையம்' என்று எழுதுகிறோம். தனியார் பேருந்து, தனியார் பள்ளி என்று பழகிய காதுக்கு அது யாரோ ஒரு கம்பெனியின் வலை என்று கேட்கும். 'அந்தரங்க வலை' என்றால், வி.பி.என். தராத ஒன்றைத் தருவதாக வாக்குக் கொடுத்ததாகிவிடும். 'மெய்நிகர் தனிப் பிணையம்' என்பதே பொருந்துகிறது என்பது என் கருத்து.

ரஷ்யாவில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு ஏட்டு விவகாரம் அல்ல. 2022 மார்ச்சில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ட்விட்டர் தடைபட்டன; அவற்றைத் திறக்க வி.பி.என். தேவைப்பட்டது. அதே மாதம் விசாவும் மாஸ்டர்கார்டும் விலகியதால், பேர்பெற்ற வெளிநாட்டு வி.பி.என். சேவைகளுக்கு ரஷ்ய அட்டையில் பணம் கட்ட வழியில்லை. 2024 மார்ச் 1 முதல் தடையைத் தாண்டும் வழிகளைப் பரப்புவதற்கே தடை. அந்த ஜூலையில் ஆப்பிள் தன் ரஷ்யக் கடையிலிருந்து பல வி.பி.என். செயலிகளை எடுத்துவிட்டது. பலருக்கு மிஞ்சியது டெலிகிராம் பாட்கள், அதாவது தானாகப் பதில் தரும் கணக்குகள். ரூபிளில் சின்னத் தொகை கட்டினால் ஒரு 'க்ல்யூச்', அதாவது சாவி வரும்.

அந்தச் சாவி ஒரு நீண்ட ஒற்றை வரி. பெரும்பாலும் 'வி-லெஸ்' என்ற நெறிமுறையின் பெயரோடு தொடங்கும். பிறகு உங்கள் அடையாள எண், சேவையக முகவரி, பெரும்பாலும் 443 என்ற வாயில் (போர்ட்) எண். 'ரியாலிட்டி' என்ற மாறுவேட வகையாக இருந்தால் வேறொரு உண்மையான தளத்தின் பெயரும் அதில் இருக்கும். வழியில் நிற்கும் வடிகட்டிக் கருவிக்கு, நீங்கள் அந்தத் தளத்தைப் பார்ப்பதாகவே தெரியும். வயர்கார்டு என்ற இன்னொரு வி.பி.என். நெறிமுறை அப்படி ஒளிவதில்லை. அதன் முதல் செய்தி எப்போதும் 148 பைட். அந்த அளவையும் செய்தியின் மாறாத தலைப்பையும் வைத்துப் பிடித்துவிடலாம். அதனால்தான் அம்னீசியா என்ற வி.பி.என். செயலியின் குழு குப்பைத் தரவுப் பொட்டலங்களைக் கலந்து, தலைப்புகளை மாற்றி ஒரு திரிபை உருவாக்கியது. மலிவுச் சேவை வெறும் வயர்கார்டைத் தருகிறதென்றால் ரஷ்யாவுக்குள் அதை நம்பிப் பயனில்லை.

அடுத்து, சுரங்கத்தின் மறுமுனையில் யார்? உங்கள் இணையச் சேவையாளர் இதுவரை பார்த்த தளப்பெயர்களை இனி சாவி விற்றவர் பார்க்கலாம். 'பதிவுகள் வைப்பதில்லை' என்ற வரியை எல்லாரும் எழுதுகிறார்கள். வெளியார் தணிக்கை இல்லையென்றால் அது வெறும் வாக்கு. நடத்துபவர் பெயரே தெரியாத சேவையில் ஒரு வருடச் சந்தா கட்டவே கூடாது. மாதம் மாதம் கட்டுங்கள். சாவியைப் போட்டதும் வெளியே தெரியும் ஐ.பி. முகவரி எந்த நாடு, டி.என்.எஸ். கேள்விகள் (தளப்பெயருக்கு உரிய முகவரியைக் கேட்பவை) இன்னும் உள்ளூர்ச் சேவையாளரிடம் போகின்றனவா என்று பாருங்கள். மலிவுச் சேவையகத்தில் கூட்டம் அதிகம் என்பதால் வேகத்தை மாலையில் சோதிப்பதுதான் சரி.

வீட்டு இணைப்பில் ஓடுவது கைப்பேசித் தரவில் ஓடாமல் போகலாம். கைப்பேசி இணையத்தை நிறுத்தி 'வெள்ளைப் பட்டியல்' தளங்களை மட்டும் திறக்கும் வேளைகளில் பெரும்பாலான சாவிகள் செத்துவிடும். 2025 ஆகஸ்டில் வாட்ஸ்அப், டெலிகிராம் அழைப்புகள் கட்டுப்படுத்தப்பட்டபின், அங்கே மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளும் வீட்டுக்குப் பேச இதைத் தேடவேண்டியிருக்கிறது. அவர்கள் கேட்க வேண்டிய வசதி இன்னொன்றும் உண்டு: ரஷ்ய வங்கி, அரசுத் தளங்களைச் சுரங்கத்துக்கு வெளியே விடும் அமைப்பு. வெளிநாட்டு ஐ.பி.யிலிருந்து வந்தால் அவற்றில் பல திறப்பதில்லை.