துரை எத்தனை அடி உயரம்?

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் என் தாத்தா. தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரையைப் பற்றிப் பேச்சு வந்தால் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார். "பனைமரம் மாதிரி நிப்பாருடா." தாத்தா காலமான பிறகு ஒரு பழைய படம் கிடைத்தது. காலையில் ஆளெண்ணும் பெரட்டுக்கு நின்ற இடத்தில் துரை, கணக்கு எழுதும் கிராணி, தாத்தா மூவரும் நிற்கிறார்கள். துரை தாத்தாவைவிட இரண்டு விரற்கடை குள்ளம்!

தாத்தா பொய் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வு 1968இல் வெளியானது. ஒரே ஆளை ஒரு வகுப்பில் மாணவர் என்றும், இன்னொன்றில் விரிவுரையாளர் என்றும், வேறொன்றில் பேராசிரியர் என்றும் அறிமுகப்படுத்தினார்கள். அவர் போன பிறகு உயரத்தைக் கேட்டால், பதவி ஏற ஏற ஆளும் வளர்ந்திருந்தார். மாணவருக்கும் பேராசிரியருக்கும் இடையே ஏறக்குறைய இரண்டரை அங்குலம்!

இது எதிர்த்திசையிலும் நடக்கிறது. முகத்தைப் பார்த்துத் திறமையையும் முடிவு செய்துவிடுகிறோம். ராணுவ அதிகாரிகள் தங்கள் வீரர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை 1920இல் ஆராய்ந்தார் உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக். உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாகவே ஏறி இறங்கின. இதற்கு அவர் வைத்த பெயர்தான் ஒளிவட்டம், சாமி படத்தில் தலைக்குப் பின்னால் இருக்குமே, அதே. தெரியாத குணங்களை, தெரிந்த ஒன்றை வைத்து மூளை நிரப்பிக்கொள்கிறது. ஒரு முகத்தை நம்பலாமா என்று தீர்மானிக்க அதற்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும்.

சம்பளத்திலும் இது தெரியும். அமெரிக்கா, கனடா தரவுகளை 1994இல் அலசிய பொருளியல் அறிஞர்கள் ஹாமர்மெஷும் பிடிலும், அழகு குறைந்தவர்கள் என்று மதிப்பிடப்பட்டவர்களுக்கு நடுத்தரத் தோற்றம் உள்ளவர்களைவிட 5 முதல் 10 விழுக்காடு வரை ஊதியம் குறைவதைக் கண்டார்கள். அழகுக்குக் கிடைக்கும் கூடுதலைவிட இந்த இழப்பு சற்றுப் பெரியது. நிறத்தை வைத்தும் ஆளை எடைபோடும் நம் வீடுகளில் இதைப் படிக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

அப்புறம், முதலில் கிடைத்த நல்லெண்ணம் வாய்ப்பைத் தருகிறது, வாய்ப்பு பயிற்சியைத் தருகிறது. சில வருடங்களில் திறமை நிஜமாகவே வளர்ந்துவிடும். தொடக்கத்தில் முகம் பார்த்துத்தான் எடுத்தார்கள் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

சரி, இதற்கு என்ன வழி? எல்லோரிடமும் ஒரே கேள்விகள், ஒவ்வொரு பதிலுக்கும் அந்தந்த இடத்திலேயே மதிப்பெண், பேசிக்கொள்வதெல்லாம் கடைசியில். எங்கள் ஊரில் கல்வி உதவி நிதிக்கு பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளைப் பார்க்கும்போது இப்படித்தான் செய்தோம். தரையைப் பார்த்தபடி மெல்லப் பேசிய ஒரு பையனின் பெயரை அன்று கலந்து பேசும்போது யாருமே எடுக்கவில்லை. தாள்களைக் கூட்டினோம். அவன் இரண்டாவது இடத்தில் இருந்தான்.