ஆசை வேறு, இன்பம் வேறு: டோபமைன் உண்மையில் என்ன செய்கிறது?

கூண்டுக்குள் ஓர் எலி. மூக்குக்கு நேரே தீனி இருக்கிறது. ஆனால் அது சாப்பிடாது. குழாய் வழியாக உணவு செலுத்தாவிட்டால் பட்டினியிலேயே செத்துப்போகும். அதே எலியின் நாக்கில் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீரை விட்டால், மற்ற எலிகளைப் போலவே உதட்டை நக்கி ரசிக்கிறது.

அந்த எலியின் மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் கிட்டத்தட்ட முழுவதும் அழிக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜும் டெர்ரி ராபின்சனும் 1980களின் இறுதியில் செய்த சோதனை இது. டோபமைனை 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்று சொல்லும் வீடியோக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எலியின் நினைவு வந்துவிடும். டோபமைன் போன பிறகும் அதற்கு இனிப்பு இனிப்பாகத்தான் இருந்தது. அதைத் தேடிப் போக வேண்டும் என்ற உந்துதல்தான் காணாமல் போயிருந்தது.

இந்தக் குழப்பம் 1953இல் கனடாவில் தொடங்கியது. மான்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலிகளின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பிகளைப் பொருத்தினார்கள். ஓர் எலிக்கு மட்டும் கம்பி குறிவைத்த இடத்தை விட்டு வேறிடத்தில் போய் நின்றுவிட்டது. மேசையின் ஒரு மூலைக்கு அது போனபோது லேசாக மின்சாரம் கொடுத்தார்கள். எலி திரும்பத் திரும்ப அந்த மூலைக்கே வந்தது. அப்புறம், எலி தானே அழுத்தி மின்சாரம் பெறும்படி ஒரு நெம்புகோலை வைத்தார்கள். சில எலிகள் மணிக்கு 2000 தடவைக்கு மேல் அதை அழுத்தின. 'இன்ப மையம்' என்ற பெயர் பரவியது. அந்த இடங்களில் வேலை செய்யும் முக்கிய ரசாயனம் டோபமைன் என்று பின்னால் தெரியவந்ததும், டோபமைன்தான் இன்பம் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

ஒரு விலங்கு ஒன்றை விடாமல் தேடுகிறது என்பதற்காக, அதை ரசிக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? பெரிட்ஜ் இதற்காக எலியின் முகத்தைப் பார்த்தார். நாக்கில் இனிப்பு பட்டால் எலி உதட்டை நக்கும். கசப்பு பட்டால் வாயைப் பிளந்து தலையை உதறும். பிறந்த குழந்தையும் கிட்டத்தட்ட இதையேதான் செய்கிறது. டோபமைனை அழித்தபோது இந்த முகபாவங்கள் மாறவில்லை. எதிர்ப்பக்கச் சோதனை இன்னும் வியப்பானது. மூளையில் மின்தூண்டல் கொடுத்து எலிகளை வெறிபிடித்ததுபோல் தின்னவைத்தார்கள். அப்போது அவற்றின் முகத்தில் ரசனை கூடவே இல்லை. சில நேரம் அருவருப்பின் அடையாளம்தான் கூடியது. பிடிக்காததையே அடக்கமுடியாமல் தின்றன.

அப்படியானால் இன்பம் எங்கே பிறக்கிறது? நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற பகுதிக்குள்ளேயும் வேறு சில இடங்களிலும் சின்னச் சின்னப் புள்ளிகளாக அதற்கான இடங்கள் இருக்கின்றன. எலிக்கு அப்படி ஒரு புள்ளி ஏறக்குறைய ஒரு கன மில்லிமீட்டர்தான். உடலே சுரக்கும் ஓபியம் வகை ரசாயனங்கள் அங்கே வேலை செய்கின்றன. ஆசையைத் தூண்டும் அமைப்பு இதைவிட மிகப் பெரியது, எளிதில் உசுப்பப்படுவது. இந்த வேறுபாடு மனித வாழ்க்கையில் எவ்வளவோ விஷயங்களை விளக்குகிறது என்று நினைக்கிறேன்.

ஆசை எப்போது பொங்கும் என்பதைக் காட்டியவர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். சுவிட்சர்லாந்தில் குரங்குகளின் டோபமைன் செல்களை ஒவ்வொன்றாகக் கவனித்தார். எதிர்பாராமல் வாயில் பழச்சாறு விழுந்தால் செல்கள் துடித்தன. சாறு வருமுன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு பழகிக்கொண்ட பிறகு, விளக்கைக் கண்டதும் துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால், வழக்கமாக இருக்கும் துடிப்பும் அந்தக் கணத்தில் அடங்கியது. ஆக, கையில் கிடைத்த பொருளைவிட, 'எதிர்பார்த்ததைவிட நல்லது வரப்போகிறது' என்ற செய்திதான் அந்தச் செல்களுக்கு முக்கியம்.

மாதக்கணக்கில் மனதில் ஓடிக்கொண்டிருந்த வண்டி வீட்டு வாசலுக்கு வந்த அடுத்த வாரமே சாதாரணமாகிவிடுவதில் இதற்கும் பங்குண்டு. வேலை, பதவி உயர்வு, மார்க் என்று எல்லாவற்றிலும் இது நடக்கிறது. அப்போது பலர் "எனக்குத்தான் நன்றியே இல்லை போல" என்றோ, "நான் எதற்குமே லாயக்கில்லை" என்றோ தங்களையே நொந்துகொள்கிறார்கள். அவ்வளவு தூரம் போகத் தேவையே இல்லை. தேடவைக்கும் அமைப்பு, தேடிய பொருள் கிடைத்த பிறகு நம்மை மகிழ்வித்துக்கொண்டே இருப்பதற்காக உருவானதல்ல.

இதன் கடுமையான வடிவத்தைப் பார்க்கின்சன் நோயாளிகள் சிலரிடம் காணலாம். அந்த நோயில் டோபமைன் செல்கள் அழிகின்றன. அதை ஈடுகட்ட, டோபமைனைப் போலவே செயல்படும் மாத்திரைகள் தரப்படுகின்றன. அவற்றைச் சாப்பிடுகிற சிலருக்குத் திடீரென்று சூதாட்டத்திலோ, கண்டதையெல்லாம் வாங்கிக் குவிப்பதிலோ அடங்காத வெறி வந்துவிடுகிறது. 2010இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 3090 நோயாளிகளைப் பார்த்தார்கள். இந்த வகை மாத்திரை எடுத்தவர்களில் 17 சதவீதம் பேருக்கு இப்படிப்பட்ட கட்டுப்பாடற்ற பழக்கம் ஏதாவது இருந்தது. எடுக்காதவர்களில் 7 சதவீதம். மருத்துவர் அளவைக் குறைத்தால் பலருக்கு அந்த வெறி தணிகிறது. (மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, அது ஆபத்து.) வாழ்நாள் முழுக்கச் சிக்கனமாக இருந்த மனிதர் சேமிப்பையெல்லாம் தொலைத்து நிற்கும்போது, 'வயசான காலத்தில் புத்தி கெட்டுப்போச்சு' என்று வீட்டில் சொல்வார்கள். அவர் சாப்பிடும் மாத்திரையைப் பற்றி யாருக்கும் தோன்றாது.

போதைப் பழக்கத்துக்கும் இதே கணக்குதான் என்று ராபின்சனும் பெரிட்ஜும் 1993இல் எழுதினார்கள். போதைப்பொருள் ஆசை அமைப்பை மட்டும் வருடக்கணக்கில் கூர்மையாக்குகிறது. கிடைக்கும் சுகம் கூடுவதில்லை, பெரும்பாலும் குறைகிறது. "பிடிக்கவே இல்லை, ஆனால் விட முடியலை" என்று ஒரு குடிநோயாளி சொன்னால் அதைச் சாக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர் தன் நிலைமையைத் துல்லியமாகவே சொல்கிறார்.

மனச்சோர்வில் இது தலைகீழாகத் திரும்புகிறது. மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக் கேட்ட ஆய்வுகளில், மற்றவர்களைப் போலவே அவர்களும் அதை இனிமையாக உணர்ந்தார்கள். ஆனால் ஒரு பரிசுக்காகக் கூடுதல் உழைப்பு போட வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால், அவர்கள் பின்வாங்குவது அதிகமாக இருந்தது. ரசிக்கும் திறன் எல்லோரிடமும் அப்படியே முழுசாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் பலருக்கு முதலில் அடிபடுவது உந்துதல்தான். 'ஆசை வந்தால் செய்கிறேன்' என்று காத்திருந்தால் அது வராமலே போகலாம்.

1970களிலிருந்து வளர்ந்துவந்த ஒரு சிகிச்சைமுறை இந்த இடத்தில்தான் கைவைக்கிறது. எலிச் சோதனைகளிலிருந்து அது பிறக்கவில்லை. ஆனாலும் அழகாகப் பொருந்துகிறது. விருப்பத்துக்குக் காத்திராமல், முன்பு பிடித்திருந்த ஒரு சின்ன வேலையை, எந்த நாள், எத்தனை மணி, யாரோடு என்று முடிவுசெய்து செய்துவிட வேண்டும். அதற்குப் பிறகு மனம் எப்படி இருந்தது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். முடிவுகள் 2017இல் வெளியாயின. வழக்கமான கவனிப்போடு இந்த ஆலோசனையும் கிடைத்தவர்களில் 64 சதவீதம் பேர் 3 மாதத்தில் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். ஆலோசனை கொடுத்தவர்கள் யாரும் மனநலம் படித்தவர்கள் கிடையாது, பயிற்சி எடுத்துக்கொண்ட உள்ளூர்க்காரர்கள்.