பல்செட் ஏன் நடுவில் பிளக்கிறது?

சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கும் என் அத்தையின் மேல்வரிசைப் பல்செட், கழுவும்போது கை நழுவி சிங்கில் விழுந்து இரண்டாகிவிட்டது. துண்டுகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மேலுதட்டையும் ஈறையும் இணைக்கும் சவ்வுக்கு இடம்விட்டு, முன்பற்களுக்கு மேலே சிறிய பள்ளம் வெட்டியிருப்பார்கள். பிளவு அங்கிருந்துதான் ஓடியிருந்தது.

"விழுந்ததாலதான் உடைஞ்சிடுச்சு" என்றார் அத்தை. அது பாதிதான் உண்மை. ஒவ்வொரு வாய் சோற்றுக்கும், தேக்கா சந்தையில் வாங்கிய ஒவ்வொரு முறுக்குக்கும் அந்தத் தகடு கண்ணுக்குத் தெரியாமல் வளைந்து நிமிர்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி வளைந்தால் பள்ளத்தின் ஓரத்தில் நுண்விரிசல் விழும். சிங்க் கொடுத்தது கடைசி அடி.

ஈறு நிறத்தில் இருக்கும் அந்தத் தகடு பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட், சுருக்கமாக அக்ரிலிக். 1930களின் பிற்பகுதியில் அதுவரை பல்செட்டுக்குப் பயன்பட்ட வல்கனைட் என்ற கெட்டி ரப்பரின் இடத்துக்கு வந்தது. அக்ரிலிக் தூளையும் மெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற திரவத்தையும் மாவாகப் பிசைந்து, அச்சில் அழுத்தி, வெந்நீரில் வேகவைக்கிறார்கள். தூளில் உள்ள பென்சாயில் பெராக்சைடு சூட்டில் உடைந்து, திரவத்தின் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோக்கிறது. அந்தத் திரவம் சுமார் 100 டிகிரியில் கொதித்துவிடும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் தகட்டுக்குள் இட்லி மாதிரி துளைகள் விழும்.

சரி, விரிசலை எப்படி நிறுத்துவது? ரப்பர் துகள்களைக் கலக்கலாம். ஓடிவரும் விரிசல் ரப்பரில் முட்டும்போது, ரப்பர் இழுபட்டு அதன் வேகத்தை வாங்கிக்கொள்ளும். ஆனால் வெறுமனே கலந்தால் பயனில்லை. அக்ரிலிக்கோடு ஒட்டாத துகள், பிடிப்பில்லாமல் கழன்றுவிடும். அதனால் மாமரத்துக்கு ஒட்டுக் கட்டுவது போல, ரப்பர் துகளின் மேலேயே மெத்தாக்ரிலேட் சங்கிலிகளை வளர்த்துவிடுகிறார்கள். இந்த வேதிப்பிணைப்புதான் முழு வேலையையும் செய்கிறது என்பேன். ரப்பர் மிஞ்சினால் தகடு தொளதொளத்துவிடும், அதில் கவனம் வேண்டும்.

கண்ணாடி இழை சேர்க்கும்போதும் இதே கதைதான். இழைக்கு முதலில் சிலேன் என்ற சிலிக்கான் சேர்மத்தைப் பூசுவார்கள். சிலேன் மூலக்கூறு ஒரு கையால் கண்ணாடியையும் மறு கையால் அக்ரிலிக் சங்கிலியையும் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் பூஞ்சை. இரவிலும் கழற்றாத பல்செட்டின் அடியில் கேன்டிடா படிந்து அண்ணம் சிவந்து போகும். கிருமியைக் கொல்லும் அம்மோனியத் தொகுதியைச் சங்கிலியிலேயே பிணைத்துவிடும் ஆய்வுகள் நடக்கின்றன. பிணைந்திருப்பதால் எச்சிலில் கரைந்து தீர்ந்துவிடாது.

அத்தையின் புதுப் பல்செட்டுக்கு ரப்பர் சேர்ந்த அக்ரிலிக் கேட்டிருக்கிறோம். இப்போதெல்லாம் சிங்கில் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டுதான் கீழ்வரிசையைக் கழுவுகிறார்.